பார்ட் லோடு போடப்போகும் அம்மிணிக்கு

அன்புள்ள அம்மிணி,

தீபாவளி விற்பனைக்கு முன்னால் பிவண்டியிலும் ஹரியானாவிலும் உள்ள ஆன்லைன் கிடங்குகளுக்குச் சரக்கு அனுப்பிவைக்கலாமா, இல்லை பெங்களூரோடு நிறுத்திக்கொள்ளலாமா என்று கேட்டிருந்தாய். கூடவே மூன்று டிரான்ஸ்போர்ட்காரர்களின் ரேட் சீட்டைப் படமெடுத்து அனுப்பி, "இதுல எது மாமா சீப்?" என்று ஒரு வரி. அந்த ஒரு வரிக்குத்தான் இவ்வளவு நீளமான பதில். கரூரிலும் ஈரோட்டிலும் திருப்பூரிலும் தறிக்காரர் வீட்டுப் பிள்ளைகள் பலர் இன்றைக்கு லேப்டாப்பைத் திறந்துவைத்துக்கொண்டு இதே கேள்வியில்தான் நிற்கிறார்கள். அவர்களும் படிக்கட்டும் என்று பொதுவில் எழுதுகிறேன். உன் கணக்கு வழக்கு எதையும் வெளியில் சொல்லவில்லை, பயப்படாதே.

புக்கிங் ஆபீசில் எல்.ஆர். என்னும் லாரி ரசீது எழுதிய காலம் முதல் இன்றுவரை நான் பார்த்ததில் ஒன்று மாறவே இல்லை. லாரி ஓடிக்கொண்டிருக்கும்போது சரக்குக்குப் பெரும்பாலும் ஒன்றும் ஆவதில்லை. கரூரிலிருந்து பிவண்டி ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர். சேலம், கிருஷ்ணகிரி, பெங்களூர், சித்ரதுர்கா, ஹுப்ளி, கோலாப்பூர், புனே என்று நேராக ஓடினால் மூன்று நாள் தாராளம். ஆனால் உன் பெட்டி போய்ச்சேர ஏழு நாளோ பத்து நாளோ ஆகும். மிச்ச நாளெல்லாம் எங்கே போயிற்று? பெட்டி எங்கெங்கோ நின்றிருக்கிறது. நனைவது, கிழிவது, காணாமல் போவது, காகிதம் காலாவதியாவது எல்லாம் அப்படி நிற்கிற இடங்களில்தான். ஆகவே கிலோ என்ன விலை என்று கேட்பதற்கு முன்னால், "என் பெட்டி வழியில எங்கெங்க எறங்கி ஏறும்?" என்று கேள். பதில் சொல்லத் தெரிந்தவர் மூன்று பேரில் ஒருவர்தான் இருப்பார். அவரைக் குறித்துவைத்துக்கொள்.

முழு லாரி பிடித்தால் வண்டியே உன்னுடையது மாதிரி. இங்கே ஏற்றிக் கதவைப் பூட்டி சீல் வைத்தால் அங்கே போய்த்தான் திறப்பார்கள். பார்ட் லோடு என்பது ஷேர் ஆட்டோ. ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும், பக்கத்தில் யார் உட்காருவார் என்பது உன் கையில் இல்லை. 32 அடி கன்டெய்னரில் உன் 18 பெட்டி ஒரு மூலைக்குக்கூடக் காணாது. அந்த வண்டியின் நேரம், வழி, எது மேலே எது கீழே என்ற முடிவு எதுவும் உன்னைக் கேட்டு நடக்காது. உன் கையில் மிஞ்சுவது பெட்டியும் காகிதமும்தான். அதனால்தான் இந்தக் கடிதத்தில் பாதிக்கு மேல் அவற்றைப் பற்றியே பேசப்போகிறேன்.

நம்மூரில் மூன்று வகை ஆட்கள் கிடைப்பார்கள். ஊர் ஊருக்கு ஷெட் வைத்திருக்கும் பழைய பார்சல் சர்வீஸ்காரர்கள் ஒரு வகை. அவர்களுடைய பழக்கம் குடோன் டெலிவரி. சரக்கு ஷெட்டுக்கு வரும், வாங்குகிறவர் வந்து எடுத்துக்கொள்வார். கடைக்காரருக்கு அனுப்ப அவர்களை அடிக்க ஆள் கிடையாது. ஆன்லைன் கிடங்கின் கேட்டில் அப்பாயின்ட்மென்ட் எண்ணோடு வரிசையில் நிற்பது வேறு வேலை. அதைச் செய்வார்களா என்று கேட்டுத்தான் போட வேண்டும். இரண்டாவது வகை, சேஃப்எக்ஸ்பிரஸ், டெல்லிவரி போன்ற எக்ஸ்பிரஸ் கம்பெனிகள். சரக்கு சேர்ந்தாலும் சேராவிட்டாலும் குறித்த நேரத்துக்கு வண்டியை எடுப்பது அவர்களுடைய முறை. பெட்டி எங்கே இருக்கிறது என்று போனில் பார்க்கலாம். கிடங்கு டெலிவரிக்கென்று தனிக் கட்டணமும் வைத்திருப்பார்கள். மூன்றாவது, மார்க்கெட் லாரி. மகாராஷ்டிராவிலிருந்து வெங்காயம் ஏற்றிவந்த வண்டி திரும்பிப் போகும்போது காலியாகப் போகாமல், புரோக்கர் பிடித்துக் கொடுக்கிற ரிட்டர்ன் லோடோடு போகும். கூலி அடிமாட்டு விலைக்குக் கிடைக்கும். வழியில் இறக்கி ஏற்றுவதும் அனேகமாக இல்லை, அது அதனுடைய பெரிய குணம். ஆனால் டிரைவருக்கு அவசரம் ஊர் போய்ச்சேர்வதில். கிடங்கு கேட்டில் ஒரு பகல் நிற்கச் சொன்னால் பெட்டியைப் பக்கத்துக் குடோனில் இறக்கிவிட்டுப் போய்விடுவார். அவர்மேல் தப்பில்லை.

இப்போது ரேட் சீட்டு. நீ அனுப்பிய மூன்றிலும் கிலோ ரேட்டைத்தான் வட்டம் போட்டிருக்கிறாய். வட்டம் போட வேண்டிய இடம், எழுதியிருந்தால், அடியில் சின்ன எழுத்தில் இருக்கும்: சி.எஃப்.டி. லாரிக்குள் எடை தீர்வதற்கு முன்னாலேயே இடம் தீர்ந்துவிடும். அதனால் ஒரு கன அடி இடம் எத்தனை கிலோவுக்குச் சமம் என்று அவர்களே ஓர் எண் வைத்துக்கொள்கிறார்கள். ஒருவர் 6 என்பார், இன்னொருவர் 8 என்பார், 10 என்பவரும் உண்டு. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி, 27,000-ஆல் வகுத்து, அந்த எண்ணால் பெருக்கு. அதுவும் தராசு காட்டும் எடையும் எது கூடுதலோ அதற்குத்தான் பில்.

உன் பெட்டி 60-க்கு 45-க்கு 45 என்று வைத்துக்கொள். பெருக்கி வகுத்தால் 4.5 வரும். கிச்சன் டவல் அடைத்தால் அது 30 கிலோ, ஃபைபர் தலையணை அடைத்தால் 9 கிலோ என்றே இருக்கட்டும். சி.எஃப்.டி. 6 என்கிறவரிடம் இடக் கணக்கு 27 கிலோ. டவல் பெட்டிக்கு 30 கிலோவும் தலையணைப் பெட்டிக்கு 27 கிலோவும் பில் போடுவார். சி.எஃப்.டி. 10 என்கிறவரிடம் இரண்டுமே 45 கிலோ! முதலாமவர் கிலோ 11 ரூபாய், இரண்டாமவர் 8 ரூபாய் என்றால் உன் கண்ணுக்கு இரண்டாமவர்தான் சீப். ஆனால் டவல் பெட்டிக்கு முதலாமவரிடம் 330 ரூபாய், சீப்பானவரிடம் 360. தலையணைக்கு 297-க்குப் பதில் அதே 360. இதற்குமேல் டாக்கெட் சார்ஜ், டீசல் சர்சார்ஜ், எஃப்.ஓ.வி., அப்பாயின்ட்மென்ட் டெலிவரி சார்ஜ், ஒரு டாக்கெட்டுக்குக் குறைந்தபட்சம் இத்தனை கிலோ என்ற நிபந்தனை. எல்லாவற்றையும் ஒரே காகிதத்தில் கூட்டி, அனுப்பும் உருப்படிகளின் எண்ணிக்கையால் வகுத்து, டவல் ஒன்றுக்கு என்ன விழுகிறது என்று பார். அந்த எண் மட்டும்தான் உனக்கு வேண்டும்.

காற்றுக்குக் கூலி கொடுக்காதே. டவலை மடிக்கும் முறையை மாற்றி, அழுத்தி அடுக்கி, அதே 60-க்கு 45-ல் உயரத்தை 30-க்கு இறக்கினால் 10 சி.எஃப்.டி.காரரிடமே பில் எடை 30 கிலோவாகிவிடும். பெட்டிக்குள் பொருளுக்கும் மூடிக்கும் நடுவே இடம் விட்டால் இரண்டு வகையில் நஷ்டம்: இடத்துக்குக் கூலி கொடுக்கிறாய், மேலே இன்னொருவர் சரக்கு ஏறும்போது அட்டை உள்வாங்கியும் விடுகிறது.

அட்டை என்றதும் ஞாபகம் வருகிறது. நாம் கரூர்க்காரர்கள் காலம்காலமாக ஏற்றுமதிப் பெட்டியைப் பார்த்து வளர்ந்தவர்கள். அந்தப் பெட்டி தூத்துக்குடித் துறைமுகத்துக்குக் கன்டெய்னரில் தன்னைப் போன்ற பெட்டிகளோடு மட்டும் போகும். உன் பெட்டி அப்படிப் போகாது. நம் பக்கத்திலிருந்து கிளம்பும் பார்ட் லோடு வண்டிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாயா? கோயமுத்தூர் பம்ப் செட்டும் கிரைண்டரும் இருக்கும். காங்கேயத்துத் தேங்காய் எண்ணெய் டின் இருக்கும். ஈரோட்டு மஞ்சள் மூட்டை இருக்கும். மஞ்சள் மூட்டைக்குப் பக்கத்தில் வெள்ளை பெட்ஷீட் ஒரு வாரம் இருந்தால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. கறை படாவிட்டாலும் வாசனை ஏறும். கிடங்கில் அதைக் கவனிக்காமல் வாங்கிவைத்துவிடுவார்கள். வாங்கியவர் மோந்துபார்த்துத் திருப்பி அனுப்பும்போதுதான் உனக்குத் தெரியும்.

அதனால் ஒவ்வொரு உருப்படிக்கும் ஒரு பாலித்தீன் கவர், பெட்டிக்கு உள்ளே முழுசாக ஒரு பெரிய பாலித்தீன் பை, அதன் வாயை மடித்து ஒட்டு, அப்புறம் அட்டை. அட்டை ஐந்து பிளைக்குக் குறையக் கூடாது. டேப்பை நடுக்கோட்டில் மட்டும் ஓட்டாமல் இரண்டு ஓரங்களிலும் சேர்த்து எச் எழுத்து மாதிரி ஒட்டு. தீபாவளிச் சரக்கு வடக்கே போகிற நேரம் ஆவணி, புரட்டாசி. இங்கே வெயில் காயும். அங்கே கோலாப்பூருக்கு அப்புறம் தென்மேற்குப் பருவமழை இன்னும் ஓய்ந்திருக்காது. திறந்த லாரியில் தார்பாய் போட்டிருந்தாலும், ஷெட்டிலிருந்து வண்டிக்கு ஏற்றும் பத்தடி தூரத்தில் நனைய எவ்வளவு நேரம் ஆகும்? பருத்தி ஈரத்தை வாங்கி உள்ளேயே வைத்துக்கொள்ளும். கிடங்கில் அடுக்கிய பிறகு பூஞ்சை பிடிக்கும்.

துணி மூட்டையைச் சணலில் தைத்து அனுப்புவது உன் அப்பா காலத்துப் பழக்கம். மூட்டை என்றால் லோடுமேன் கொக்கியைப் போட்டுத்தான் இழுப்பார், அவருடைய கை பழகியது அப்படி. ஆன்லைன் கிடங்குக்கு மூட்டை வேண்டவே வேண்டாம். பெட்டியிலும் "கொக்கி போடாதீர்" என்று தமிழில் எழுதிவைத்துப் பயனில்லை. பெங்களூர் தாண்டினால் படிக்க ஆளில்லை. குடை படம், கொக்கிமேல் பெருக்கல் குறி போட்ட படம், மேல்நோக்கிய அம்பு, இவற்றை அச்சடித்து ஒட்டு. எந்த ஊர் ஆளுக்கும் புரியும். ஒரு பெட்டியை ஓர் ஆள் ஒற்றையாகத் தூக்க முடிய வேண்டும். தூக்க முடியாததைத்தான் உருட்டுவார்கள். கிடங்குக்காரர்களும் பெட்டி எடைக்கு உச்சவரம்பு வைத்திருப்பார்கள், தாண்டினால் கேட்டோடு திருப்பம். அதை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் அட்டைக்கு ஆர்டர் கொடு.

ஏற்றும்போது நீ ஷெட்டுக்கு ஒருமுறையாவது நேரில் போ. பெண் பிள்ளை அங்கே எதற்கு என்று யாராவது இழுத்தால் என் பெயரைச் சொல். ஏத்துக்கூலியைப் பேரம் பேசாதே. அந்த அண்ணன்களிடம் "இந்தப் பெட்டி எங்கண்ணா போய் உக்காரும்?" என்று கேட்டால் அவர்கள் சொல்லும் பதிலை எந்த மேனேஜரும் சொல்ல மாட்டார். "இன்னைக்கு ராத்திரி ஏத்தி உட்டர்றனுங்க" என்று புக்கிங் கிளார்க் சொல்வதற்கும் இன்றைக்கு வண்டி கிளம்புவதற்கும் சம்பந்தமே இருக்காது, அதை மட்டும் மனதில் வை. நானே அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சம்பளம் வாங்கியவன்.

காகிதத்துக்கு வருகிறேன். உனக்குத் தூக்கம் வருகிற இடம் இதுதான் என்று தெரியும். ஆனால் ரோட்டில் வண்டி நிற்பதற்குக் காரணம் டயரைவிடக் காகிதமாகத்தான் இருக்கும்.

உன் சரக்கு அமேசான் கிடங்குக்கோ ஃப்ளிப்கார்ட் கிடங்குக்கோ போனாலும் அது அவர்கள் சரக்கு ஆகிவிடாது. அந்நிய முதலீடு உள்ள ஆன்லைன் சந்தைகள் சரக்கைத் தாங்களே சொந்தமாக வைத்துக்கொண்டு வாடிக்கையாளருக்கு விற்கக் கூடாது என்பது மத்திய அரசின் விதி. 2016-ல் வந்ததை 2019 பிப்ரவரி 1 முதல் இன்னும் இறுக்கினார்கள். ஆகவே விற்கிறவரை அது உன் பணம், உன் பொறுப்பு, வேறு மாநிலத்தில் நிற்கிற உன் சொந்த ஸ்டாக். இதனால்தான் கர்நாடகத்தில் வைக்க வேண்டுமானால் அங்கே ஒரு ஜி.எஸ்.டி. பதிவு வேண்டும், அதில் அந்தக் கிடங்கின் முகவரி இருக்க வேண்டும். மகாராஷ்டிராவுக்கு இன்னொன்று, ஹரியானாவுக்கு இன்னொன்று. 33-ல் தொடங்கும் உன் தமிழ்நாட்டு எண்ணிலிருந்து 29-ல் தொடங்கும் உன் கர்நாடக எண்ணுக்கு நீயே உனக்கு அனுப்பினாலும் சட்டத்தின் கண்ணில் அது சப்ளை. வரி இன்வாய்ஸ் போட்டு ஐ.ஜி.எஸ்.டி. கட்ட வேண்டும். அங்கே வரவு எடுத்துக்கொள்ளலாம்தான். ஆனால் அங்கே விற்கிறவரைக்கும் அந்தப் பணம் முடங்கிக் கிடக்கும். நம்மூர்க் கிடங்குக்கு அனுப்பினால் இந்தத் தொல்லை இல்லை. அதே பதிவில் கூடுதல் இடமாகச் சேர்த்துவிட்டு டெலிவரி சலானில் அனுப்பலாம்.

மாநிலம் தாண்டிப் போகும் சரக்கின் மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் இ-வே பில் கட்டாயம். தமிழ்நாட்டுக்குள் அந்த வரம்பு ஒரு லட்சம். முதல் பகுதியை நீ போட்டு டிரான்ஸ்போர்ட்காரரின் ஐ.டி.யைக் கொடுத்துவிட வேண்டும். வண்டி எண் போடும் இரண்டாம் பகுதி அவர் வேலை. பெங்களூரில் வண்டி மாறினால் எண்ணையும் அவர்தான் மாற்ற வேண்டும். உன் குடோனிலிருந்து அவர் ஷெட் வரை, 50 கிலோமீட்டருக்குள் என்றால் குட்டி யானையில் கொண்டுபோக இரண்டாம் பகுதி தேவையில்லை. செல்லுபடி 200 கிலோமீட்டருக்கு ஒரு நாள். பிவண்டிக்கு 1,300 என்றால் ஏழு நாள். ஓடுகிற வண்டிக்கு அது ஏராளம். நிற்கிற பெட்டிக்கு அது போதாது! நடுவில் சரக்கு மாற்றும் ஹப்பில் மூன்று நாள், அப்பாயின்ட்மென்டுக்காக இரண்டு நாள் என்று நின்றால் கேட்டுக்கு முன்னாலேயே பில் செத்துப்போகும். முடிவதற்கு எட்டு மணி நேரம் முன்னிருந்து, முடிந்த எட்டு மணி நேரம் வரைக்கும் நீட்டிக்கலாம். அதை டிரான்ஸ்போர்ட்காரர்தான் செய்ய வேண்டும், நீதான் ஞாபகப்படுத்த வேண்டும். போனில் அலாரம் வைத்துக்கொள்.

பார்ட் லோடு வண்டியில் இன்னொரு வினை உண்டு. உன் காகிதம் சுத்தமாக இருந்தும் வண்டி நிற்கலாம். ஒரே லாரியில் பத்து இருபது பேர் சரக்கு. அதில் ஒருத்தர் பில் இல்லாமல் ஏற்றியிருந்தால் பறக்கும் படை வண்டியையே ஓரங்கட்டும். அவர் வரியைப்போல் இரு மடங்கு அபராதத்தைக் கட்டி விடுவிக்கிறவரை உன் பெட்டியும் அங்கேதான் இருக்கும். "பில் இல்லாம ஏத்துவீங்களா?" என்று புக்கிங்கில் விளையாட்டாகக் கேட்டுப் பார். "உங்களுக்காக ஏத்தலாங்க" என்று சிரித்தால், மற்றவர்களுக்காகவும் ஏற்றுகிறார் என்று அர்த்தம். கும்பிடு போட்டுவிட்டு வா.

எல்.ஆர். எழுதும்போது பக்கத்திலேயே நின்று பார். பெறுபவர் பெயர் உன் நிறுவனத்தின் பெயராக இருக்க வேண்டும், முகவரிதான் கிடங்கினுடையது. ஆன்லைன் தளத்தின் பெயரைப் பெறுபவராக எழுதினால் பின்னால் கணக்கு ஒட்டாது. கூலி "பெய்டு" என்றோ உன் கணக்கில் என்றோ இருக்கட்டும். "டு-பே" என்று எழுதி அனுப்பினால் கிடங்கு கேட்டில் பணம் கொடுக்க யாரும் வர மாட்டார்கள், சரக்கு அப்படியே திரும்பும். டிரான்ஸ்போர்ட் பில்லில் வரி போடாதவராக இருந்தால் கூலிக்கான 5 சதவீதத்தை நீயே கட்டிவிட்டு வரவு எடுக்க வேண்டியிருக்கும். அதை ஆடிட்டரிடம் விட்டுவிடு.

இனி கேட். இந்தத் தொழிலில் நீ அதிகம் கவலைப்பட வேண்டிய இடம் இதுதான், பலபேர் கவனிக்காமல் விடுவதும் இதையேதான். கரூர் ஷெட்டில் ஏற்றியதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். கிடங்கு சந்தைக் கடை கிடையாது. என்ன சரக்கு, எத்தனை பெட்டி, என்றைக்கு, எந்த மணிக்கு என்று முன்கூட்டிப் பதிந்து இடம் வாங்கியிருக்க வேண்டும். டெலிவரிக்கு வருகிற பையன் உன்னைப் பார்த்ததே இல்லை. அவன் டெம்போவில் வேறு நாலு பேர் சரக்கும் இருக்கும். அப்பாயின்ட்மென்ட் தாள், இன்வாய்ஸ், இ-வே பில், எல்.ஆர். நான்கும் அச்சடித்த நகலாக அவன் கையில் இருக்க வேண்டும். நீ மெயிலில் அனுப்பியது பெங்களூர் ஆபீசோடு நின்றுபோகும். அதனால் முதல் எண் பெட்டியின் வெளிப்புறத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை ஒட்டி அதற்குள் ஒரு செட் வை. டெலிவரி கிளையின் எண்ணை வாங்கி முதல் நாள் மாலை நீயே பேசு. இந்தி வராவிட்டால் பரவாயில்லை, அப்பாயின்ட்மென்ட் எண்ணையும் மணியையும் சொன்னால் போதும்.

திட்டத்தில் 18 பெட்டி என்று பதிந்தால் 18 போக வேண்டும். ஒவ்வொன்றிலும் 1/18, 2/18 என்று பெரிதாக எழுது. கிடங்கு லேபிளைப் பெட்டியின் மடிப்பிலோ ஓரத்திலோ ஒட்டாதே, ஸ்கேனர் படிக்காது. பழைய பெட்டியைத் திரும்பப் பயன்படுத்தினால் பழைய லேபிளைச் சுரண்டி எடு. பழைய பார்கோடு ஒன்று மிச்சமிருந்து பெட்டி வேறெங்கோ போனதைக் கண்டுபிடிக்க ஒருமுறை எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

கேட்டில் கொடுக்கும் பி.ஓ.டி. ரசீது பெட்டிக் கணக்குக்குத்தான். உள்ளே எத்தனை டவல் என்பதைப் பிறகு பிரித்து எண்ணுவார்கள். 40 இருக்க வேண்டிய பெட்டியில் 37 என்று ஏறும். அப்போது உன்னிடம் என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி. ஒவ்வொரு பெட்டியையும் மூடுவதற்கு முன் ஒரு படம், மூடியபின் தராசில் வைத்து ஒரு படம், முத்திரையும் தேதியும் உள்ள பி.ஓ.டி. இவை மூன்றும் இருந்தால் பேசலாம். டேப் உடைந்த பெட்டியை டெலிவரி எடுக்கும்போதே பி.ஓ.டி.யில் குறிப்பு எழுதச் சொல்லியிருந்தால் இன்னும் பலம். படம் எடுக்க ஒரு பெட்டிக்கு அரை நிமிடம். சோம்பல்படாதே.

எஃப்.ஓ.வி. என்று மதிப்பில் ஒரு துளி வசூலிக்கிறார்களே, அது இன்ஷூரன்ஸ்தானே என்று கேட்டிருந்தாய். இல்லை. 2007-ம் ஆண்டின் சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம் என்று ஒன்று உண்டு. 1865-ம் ஆண்டுச் சட்டத்தை எடுத்துவிட்டு வந்தது. அதன் விதிப்படி, அதிக மதிப்பைச் சொல்லி அதற்கான கூடுதல் கட்டணம் கட்டி ஒப்புக்கொண்டால் ஒழிய, டிரான்ஸ்போர்ட்காரரின் பொறுப்பு கூலியைப்போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். கூலி 2,500 ரூபாய் என்றால் 25,000. உள்ளே 1,80,000 ரூபாய்ச் சரக்கு இருந்தாலும் அவ்வளவுதான். எஃப்.ஓ.வி. கட்டினால் அவர் எவ்வளவு வரை பொறுப்பேற்கிறார் என்பதை எழுத்தில் வாங்கு. அதோடு சேர்த்து உன் பெயரில் தனியாக ஒரு டிரான்சிட் பாலிசி எடு, வருஷத்துக்கு ஒன்றாக எடுத்தால் ஒவ்வொரு அனுப்புக்கும் அலைய வேண்டாம். ஏஜென்ட் மலிவாக இருக்கிறது என்று பி வகையைக் காட்டுவார். அது தீ, வண்டி மோதுவது, கவிழ்வது போன்றவற்றுக்குத்தான். பார்ட் லோடில் நடப்பது திருட்டும் நனைவதும் பெட்டி காணாமல் போவதும். ஏ வகை எடு, அதிலும் விலக்குகளைப் படித்துவிட்டு எடு. சரக்கு போய்ச்சேரவில்லை என்றால் புக்கிங் தேதியிலிருந்து 180 நாளுக்குள் டிரான்ஸ்போர்ட்காரருக்கு எழுத்தில் நோட்டீஸ் கொடுத்தாக வேண்டும். "தேடிட்டு இருக்கறோங்க" என்று போனில் சொல்லிக்கொண்டே ஆறு மாதத்தைக் கடத்துவது சிலருக்குக் கைவந்த கலை. நான் ஒருவரை ஒரு மாதத்துக்கு மேல் தேடவிடுவதில்லை, பதிவுத் தபால் போய்விடும்.

உன் கூட்டாளிகள் நாலைந்து பேர் வெங்கமேட்டுப் பக்கம் இதே வேலை செய்கிறீர்கள் என்று சொன்னாயே. பெங்களூருக்கு நீங்கள் தனித்தனியாகப் பார்ட் லோடு போடுவதே வீண். தூரம் 300 கிலோமீட்டர்தான். ஒரு 14 அடி வண்டியை ஐந்து பேரும் சேர்ந்து பிடித்தால் இரவு ஏற்றிக் காலையில் ஹொசகோட்டேயில் நிற்கலாம். நடுவில் ஹப் கிடையாது, மஞ்சள் மூட்டை கிடையாது, பெட்டி ஒரே தடவைதான் இறங்கும். கடைசியில் இறக்க வேண்டியவர் சரக்கை முதலில் ஏற்ற வேண்டும், அப்பாயின்ட்மென்டுகளை ஒரே நாளில் வரிசையாக வாங்க வேண்டும், ஒருத்தர் சரக்கைக் கேட்டில் மறுத்தால் ஹால்டிங் சார்ஜ் யார் தலையில் என்பதைக் கிளம்புவதற்கு முன்னாலேயே பேசிவிட வேண்டும். கடைசியதைப் பேசாமல் விட்டுத்தான் நட்பு முறியும். கூலியைப் பெட்டிக் கணக்கில் பிரிக்காதீர்கள். கன அடியில் பிரியுங்கள்.

உன் கேள்விக்கு வருகிறேன். ஹரியானா இந்த வருஷம் வேண்டாம். அந்தப் பதிவு வாங்கி, அங்கே முகவரி சேர்த்து, 2,400 கிலோமீட்டர் அனுப்பி, விற்காமல் நின்றால் கிடங்கு வாடகையும் கட்டித் திரும்ப வரவழைக்கும் கூலியும் கட்டுவாய். டெல்லிப் பக்கம் உனக்கு இதுவரை எத்தனை ஆர்டர் என்று பின்கோடு வாரியாகப் பார்த்தாயா? பார்த்துவிட்டு அடுத்த வருஷம் பேசலாம். பிவண்டிக்கு பெட்ஷீட்டும் டவலும் மட்டும், அதிலும் மும்பை, புனே பின்கோடுகளில் ஏற்கெனவே ஓடுகிற டிசைன்கள் மட்டும் 18 பெட்டி போகட்டும். தலையணையைப் பார்ட் லோடில் எங்கேயும் அனுப்பாதே, அது காற்றை விற்கிற வியாபாரம். மிச்சமெல்லாம் ஐந்து பேர் வண்டியில் பெங்களூருக்கு.

ஆவணி பாதிக்குள் பிவண்டிச் சரக்கு ஷெட்டை விட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். விற்பனை நெருங்க நெருங்க அப்பாயின்ட்மென்ட் கிடைக்காது. நீ அனுப்பிய சீட்டுகளில் இரண்டாவதாக இருப்பவர்தான் கிலோ ரேட்டில் அதிகம். ஆனால் ஒரே ஹப், கிடங்கு டெலிவரி உண்டு என்று எழுதியிருக்கிறார். சி.எஃப்.டி. மட்டும் எழுதவில்லை. நாளைக்குப் போன் பண்ணாதே, மெயிலில் கேள். 7-க்கு ஒத்துக்கொண்டால் அவருக்கே போடலாம், 10 என்றால் எனக்கு அனுப்பு, நான் பேசிப் பார்க்கிறேன்.

அன்புடன்,
மாமா